அட்டையில் அச்சான பெயர், படத்தில் நிற்கும் கப்பல்

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கியது. செய்தி பரவிய சில நாட்களிலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் டைட்டானிக் படம் போட்ட தபாலட்டைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆனால் அச்சகங்களின் கையில் டைட்டானிக்கின் நல்ல படங்கள் அதிகம் இல்லை. ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டனை விட்ட கப்பல் அது. மறுநாள் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனைத் தாண்டிய பிறகு எந்தத் துறைமுகமும் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஓடத் தொடங்கிய ஒலிம்பிக்கின் படங்களோ குவிந்து கிடந்தன. இரண்டும் பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டப்பட்டவை. ஒலிம்பிக்கின் கட்டுமான எண் 400, டைட்டானிக்கின் எண் 401. ஒலிம்பிக்கின் படத்தை எடுத்து, அடியில் பெயரை மட்டும் மாற்றி விற்றார்கள். வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செய்திப்பட நிறுவனங்களும் இதையே செய்தன. ஒலிம்பிக் நியூயார்க்கில் நின்றபோது எடுத்த படச்சுருள் ஒன்றில், அருகே வந்த இழுவைப் படகுகளின் பெயர்களைச் சுரண்டி அழித்துவிட்டு டைட்டானிக் என்று திரையிட்டார்கள். தாடி வைத்த கேப்டன் ஸ்மித் கப்பலின் மேல்தளத்தில் நடக்கும் புகழ்பெற்ற காட்சி ஒலிம்பிக்கில் எடுக்கப்பட்டது. இன்றும் ஆவணப்படங்களில் அது டைட்டானிக்காகவே வந்துபோகிறது. ராட்சதச் சுழலிகளுக்குக் கீழே தொழிலாளர்கள் சின்னஞ்சிறிதாக நிற்கும் படமும் ஒலிம்பிக்கினுடையதுதான்.

ஆகவே பழைய கப்பல் படத்தைக் கையில் எடுப்பவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது படத்தின் அடியில் உள்ள எழுத்தை. தலைப்பு என்பது யாரோ ஒருவர் சொன்ன சாட்சி. அவர் கப்பலைப் பார்த்தவரா, விற்றவரா, பேரனிடம் கதை சொன்னவரா என்பது நமக்குத் தெரியாது.

இந்த இரண்டு கப்பல்களையும் எப்படிப் பிரிப்பது? பலரும் சொல்வது ‘ஏ’ தளத்தின் உலாவிடம். மேலேயிருந்து பார்த்தால் உயிர்காப்புப் படகுகள் நிற்கும் தளத்துக்கு நேர் கீழே இருப்பது அது. ஒலிம்பிக்கில் அந்த நடைபாதை முழு நீளத்துக்கும் திறந்திருக்கும். டைட்டானிக்கில் முன்பாதியைக் கண்ணாடிச் சாளரங்களால் அடைத்துவிட்டார்கள், பின்பாதி மட்டும் திறந்தது. பக்கவாட்டில் எடுத்த தெளிவான படமாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அடுத்தது ‘பி’ தளத்தின் சாளர வரிசை. ஒலிம்பிக்கில் அங்கேயும் உலாவிடம் இருந்ததால் சாளரங்கள் சீரான இடைவெளியில் ஓடும். டைட்டானிக்கில் அந்த இடத்தை முதல் வகுப்பு அறைகளுக்குக் கொடுத்துவிட்டதால் சாளரங்கள் ஒரு இடத்தில் நெருங்கியும் இன்னொரு இடத்தில் விலகியும் இருக்கும். மூன்றாவது, முன்முனையை ஒட்டிய வட்டச் சாளரங்களின் எண்ணிக்கை. ஒலிம்பிக் பயணம் தொடங்கியபோது அங்கே 14, டைட்டானிக் புறப்பட்டபோது 16.

இவற்றை மனப்பாடம் செய்துகொண்டு பெயர் சூட்டக் கிளம்பினால் இடறி விழுவோம். டைட்டானிக்கின் ‘ஏ’ தளத்தை அடைத்தது கட்டுமானத்தின் கடைசிக் கட்டத்தில்தான். பெல்ஃபாஸ்டில் அதற்கு முன் எடுத்த படங்களில் டைட்டானிக்கும் ஒலிம்பிக் போலவே திறந்த உலாவிடத்தோடு நிற்கிறது. அங்கே முதல் அடையாளம் பயன்படாது, ‘பி’ தளத்துக்குத்தான் போக வேண்டும். வட்டச் சாளரங்களும் அப்படித்தான்: பின்னாளில் ஒலிம்பிக்கிலும் கூடுதலாக இரண்டைத் திறந்தார்கள். இந்த மாற்றம் தெரியாதவர்கள்தான் 14, 16 என்ற எண்களை வைத்துக்கொண்டு மூழ்கியது டைட்டானிக்கே அல்ல, ஆள்மாறாட்டம் நடந்தது என்று தடித்த புத்தகங்கள் எழுதினார்கள். கப்பலின் உடலில் இருக்கும் எந்த அடையாளத்துக்கும் ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் உண்டு. அந்த நாட்களைச் சேர்த்துச் சொல்லாத அடையாளம் பாதி அடையாளம்தான்.

இதே தர்க்கத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஒலிம்பிக் 1910 அக்டோபர் 20 அன்று நீரில் இறக்கப்பட்டபோது, புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதன் உடலுக்கு வெளிர் நிறம் பூசியிருந்தார்கள். 1911 மே 31 அன்று டைட்டானிக் கறுப்பாகவே இறங்கியது. நீரில் இறக்கும் படத்தில் உடல் வெளுத்திருந்தால் விவாதமே தேவையில்லை. டைட்டானிக்கில் இருந்தவை மொத்தம் 20 உயிர்காப்புப் படகுகள். மேல்தளத்தின் நடுவில் பெரிய வெற்றிடம் தெரியும். விபத்துக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தளத்தின் நீளம் முழுவதும் படகுகளை அடுக்கினார்கள். அப்படி வரிசை நிறைந்த படத்தின் கீழே டைட்டானிக் என்று இருந்தால், அந்த அட்டையை அச்சிட்டவர், டைட்டானிக் மூழ்கிய பிறகு எடுத்த படத்தை விற்றிருக்கிறார் என்று பொருள். மூன்றாவது சகோதரி பிரிட்டானிக் விஷயத்தில் இன்னும் சுலபம். அது மருத்துவமனைக் கப்பலாகவே ஓடி, 1916 நவம்பரில் கிரேக்கக் கடலில் மூழ்கியது. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் வண்ணத்தில் சுற்றுலாப் பயணிகளோடு நடுக்கடலில் செல்லும் பிரிட்டானிக்கை எந்த அட்டை காட்டினாலும் அது ஓவியம், இல்லையென்றால் ஒட்டுவேலை.

ஒலிம்பிக் ஓடியது 24 ஆண்டுகள். டைட்டானிக் ஓடியது சில நாட்கள். இந்தக் கணக்கையும் மறக்கக் கூடாது. இந்த வகைக் கப்பல் ஒன்று கடலில் செல்லும் பெயரில்லாப் படம் கிடைத்தால், வேறு சான்று இல்லாதவரை அது ஒலிம்பிக் என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நியாயம். சேகரிப்பாளர்களுக்கு இது பிடிக்காது. டைட்டானிக் என்றால் விலை வேறு.

கப்பலை அடையாளம் காண்பதை முகம் பார்த்துப் பெயர் சொல்லும் வேலையாக நினைக்கிறார்கள். உண்மையில் இது கழித்துக்கொண்டே போகும் வேலை. நான்கு புகைபோக்கி கொண்ட பெரும் பயணிகள் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் கட்டப்பட்டவையே 14தான். ஜெர்மனியின் ஐந்தில் புகைபோக்கிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும், நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். 1897இல் வந்த கைசர் வில்ஹெல்ம் டெர் கிராஸ தொடங்கி வைத்த அமைப்பு அது. பிரிட்டனின் எட்டிலும் பிரான்சின் ஒன்றிலும் புகைபோக்கிகள் சம இடைவெளியில் நிற்கும். ஆக, ஒரே பார்வையில் பதினான்கு ஐந்தாகவோ ஒன்பதாகவோ குறைந்துவிடுகிறது. அந்த ஒன்பதில் ஆருண்டெல் காசில், விண்ட்சர் காசில் இரண்டும் தென்னாப்பிரிக்கத் தடத்தில் ஓடியவை. 1930களின் பிற்பகுதியில் அவற்றின் நான்கு புகைபோக்கிகளை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

ஒன்பதுக்குள் குழப்பும் இன்னொரு ஜோடி, 1907இல் வந்த லூசிடானியாவும் மாரிடானியாவும். முன்னது கிளைட் ஆற்றங்கரையில் ஜான் பிரவுன் தளத்தில் பிறந்தது, பின்னது டைன் ஆற்றங்கரையில் ஸ்வான் ஹண்டர் தளத்தில். நிறுவனம் ஒன்று, வடிவமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் மேல்தளத்தின் காற்றுக்குழல்களைப் பாருங்கள். மாரிடானியாவில் வாய் அகன்று வளைந்த பெரிய குழல்கள் கூட்டமாக நிற்கும். லூசிடானியாவில் மூடி போட்ட குட்டையான உருளைகள் இருக்கும். கட்டியவர்களின் தேர்வு வேறுபட்டதால் நமக்குக் கிடைத்த உதவி இது. புகைபோக்கி, முன்முனை, கம்பங்கள் என்று பெரியவற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

நிறம் வேறு கதை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புகைபோக்கியில் தனி வண்ணம் இருந்தது. குனார்டுக்குச் சிவப்பு, உச்சியில் கறுப்பு. ஒயிட் ஸ்டாருக்கு மங்கிய மஞ்சள், உச்சியில் கறுப்பு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குக் கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை. ஆல்ஃபிரட் ஹோல்ட் நிறுவனத்துக்கு நீலம். அந்த நீலத்தாலேயே அது ப்ளூ ஃபன்னல் என்று பெயர் பெற்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இவை எப்படித் தெரியும் என்பது அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டின் இரசாயனத்தைப் பொறுத்தது. ஆரம்பகாலத் தகடுகள் நீல ஒளிக்கே மிகுந்த உணர்ச்சி கொண்டவை. 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சை வரை உணரவைக்கும் வழியைக் கண்டார். சிவப்பையும் உணரும் தகடு 1906இல்தான் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது, அதன் பிறகும் பழைய வகையே பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. விளைவு: குனார்டின் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாக விழும், உச்சிக் கறுப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நீலப் புகைபோக்கி வெளிறிப்போய் நிற்கும். முழுக் கறுப்புப் புகைபோக்கி என்று நாம் நம்புவது நல்ல சிவப்பாகவும் இருந்திருக்கலாம். வண்ணத் தபாலட்டை கைக்கு வந்தால் தெளிவு பிறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். முதல் உலகப் போருக்கு முன் அவற்றில் பெரும்பகுதி ஜெர்மானிய அச்சகங்களில் தயாரானவை. கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கப்பலைக் கண்ணாலும் காணாதவர்கள் நிறம் சேர்த்தார்கள்.

எனவே அனுபவசாலிகள் நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, வரிசையிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வணிகக் கப்பல்களை இனம்காண டால்பட்-பூத் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒரு முறையைப் பரப்பினார். கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை மேலே நீட்டிக்கொண்டிருப்பவற்றை வரிசையாகப் படிக்க வேண்டும்: கம்பமா, பாரம் தூக்கும் குட்டைத் தூணா, புகைபோக்கியா? ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கம்பம், புகைபோக்கி, கம்பம் என்றால் ஒரு சொல்போல ஒரு குறியீடு கிடைத்துவிடும். நிறம் பூசினாலும் பெயரை மாற்றினாலும் அந்த வரிசை எளிதில் மாறாது. கடலில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்காக உருவான முறை இது. மங்கிய தபாலட்டையை மேசையில் வைத்துப் பார்ப்பவருக்கும் அதே அளவு உதவுகிறது.

வரிசையையும் ஏமாற்றலாம் என்பதற்கு நம் கரைக்குத் தெரிந்த சாட்சி எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அந்த ஜெர்மானியக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள். அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது மரச்சட்டத்தில் கித்தான் கட்டிய நான்காவது புகைபோக்கியோடு போனது. தூரத்தில் பார்த்தவர்களுக்கு அது பிரிட்டனின் யார்மத் என்று தோன்ற வேண்டும் என்பது திட்டம். ரஷ்யாவின் போர்க்கப்பல் ஷெம்சுக் அதன் தாக்குதலில் அங்கேயே மூழ்கியது. பிற்காலப் படங்களில் எம்டன் வேறு விதமாகக் குழப்புகிறது. அதே பெயரில் ஜெர்மனி அடுத்தடுத்துக் கப்பல்கள் விட்டது. 1916இல் நீரில் இறங்கிய இரண்டாவதுக்கும் மூன்று புகைபோக்கிகள், ஆனால் முன்முனையில் பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம் உண்டு. 1925இல் வந்த மூன்றாவதுக்கு இரண்டே புகைபோக்கிகள். சிலுவையோடோ இரண்டு புகைபோக்கியோடோ வரும் எந்தப் படமும் சென்னையைத் தாக்கிய கப்பல் ஆகாது.

நம் பக்கம் அதிகம் கிடைப்பவை கொழும்பு அட்டைகள். 1890இல் தொடங்கிய பிளேட்டே நிறுவனம் போன்றவை துறைமுகக் காட்சியை விதவிதமாக அச்சிட்டு, நீராவிக் கப்பலில் வந்து சில மணி நேரம் இறங்கிய பயணிகளுக்கு விற்றன. முன்னால் கட்டுமரமோ ஓடமோ இருக்கும், பின்னால் பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய கப்பல் நிற்கும். அது பெரும்பாலும் பி அண்ட் ஓ அல்லது ஓரியண்ட் நிறுவனத்துடையதாக இருக்கும். ஓரியண்டின் புகைபோக்கி வெளிர் மஞ்சள், பி அண்ட் ஓவின் புகைபோக்கி நெடுங்காலம் முழுக் கறுப்பு. 1931இல் ஸ்ட்ராத்நேவர் வந்தபோதுதான் பி அண்ட் ஓ வெள்ளை உடலுக்கும் மஞ்சள் புகைபோக்கிக்கும் மாறியது. அடுத்த ஆண்டு வந்த ஸ்ட்ராத்எயர்டும் அதுவும் மூன்று புகைபோக்கி கொண்டவை. அவற்றில் நடுவில் இருப்பதுதான் புகை விடும், மற்ற இரண்டும் அழகுக்கு. போருக்குப் பின் சீரமைத்தபோது பொய்யான இரண்டையும் கழற்றிவிட்டார்கள். ஆகவே ஸ்ட்ராத்நேவர் என்று உறுதியாகத் தெரிந்த படத்தில் மூன்று புகைபோக்கி இருந்தால் படம் போருக்கு முந்தையது அல்லது போர்க்காலத்தது, ஒன்றே இருந்தால் பிந்தையது. கப்பல் தேதியைச் சொல்லும் இடம் இது.

தேதியை இதைவிடக் குறுக்கித் தருவது மெதினா. பி அண்ட் ஓ 1903 முதல் 1911 வரை ‘எம்’ எழுத்தில் பெயர் தொடங்கும் பத்துக் கப்பல்களைக் கட்டியது: மோல்டாவியா, மங்கோலியா, மூல்தான், மல்வா, மந்துவா என்று. இரண்டு புகைபோக்கி, இரண்டு கம்பம், கறுப்பு உடல். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க உருப்பெருக்கியும் பொறுமையும் வேண்டும். கடைசியாக வந்த மெதினாவை, ஐந்தாம் ஜார்ஜ் தில்லி தர்பாருக்கு வருவதற்காக அரச கப்பலாக்கினார்கள். உடலுக்கு வெள்ளை பூசி, நீலமும் பொன்னிறமும் கோடு இழுத்தார்கள். அரச கொடிகளைத் தனித்தனிக் கம்பங்களில் ஏற்ற வேண்டும் என்பதால் மூன்றாவது கம்பம் ஒன்றை நிறுத்தினார்கள். 1911 நவம்பர் 11 போர்ட்ஸ்மத்தில் புறப்பட்டு டிசம்பர் 2 பம்பாய் சேர்ந்தது. 1912 பிப்ரவரியில் திரும்பிய பிறகு அந்தக் கம்பம் போய்விட்டது. வெள்ளை உடலும் மூன்று கம்பமுமாக மெதினா தெரியும் அட்டைக்கு ஆயுள் சில மாதங்கள்தான்.

அட்டையின் முதுகையும் திருப்பிப் பார்க்க வேண்டும். முகவரிக்கும் செய்திக்கும் நடுவில் கோடு போட்டுப் பிரித்த பின்புறத்தை பிரிட்டன் 1902இல் அனுமதித்தது, பிரான்ஸ் 1903இல், ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907இல். பின்புறம் பிரிக்கப்படாமல், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தால் அட்டை அதற்கு முந்தைய பழக்கத்தைச் சேர்ந்தது. தபால் முத்திரை சொல்வதோ அட்டையை அனுப்பிய நாளை மட்டும். படம் எடுத்த நாள் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியதாக இருக்கலாம், துறைமுகக் கடைகளில் பழைய அட்டைகள் தீரும்வரை விற்றார்கள். பயணி தன் அறை இது என்று பெருக்கல் குறி போட்டு அனுப்பிய அட்டையைக் கண்டால் மனம் உருகும். ஆனால் கப்பலில் கொடுத்த அட்டையில் சகோதரக் கப்பலின் படம் இருப்பது சாதாரணம். அந்தக் குறி அவர் பயணம் செய்த கப்பலுக்குச் சான்று, படத்தில் உள்ள கப்பலுக்கு அல்ல.

அச்சகத்தார் கைவைத்த இடங்களையும் தேட வேண்டும். புகைபோக்கியின் புகை ஒரு பக்கமும் கம்பத்துக் கொடி எதிர்ப்பக்கமும் பறந்தால் இரண்டில் ஒன்று தூரிகை வேலை. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் முன்முனையில் நுரை பொங்கினால், யாரோ அதை ஓட வைத்திருக்கிறார்கள். பகலில் எடுத்த படத்துக்கு நீலம் பூசி நிலவைச் சேர்த்து இரவாக்குவது அன்றைய வாடிக்கை. நெகட்டிவைத் திருப்பி வைத்து இடம் வலம் மாற்றி அச்சிட்டதும் உண்டு. தளத்தில் நிற்கும் ஆண்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் மடிகிறது என்று பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெயர் கிடைத்துவிட்டால் தேடல் முடிந்தது என்றும் இல்லை. கப்பல்களுக்குப் பெயர் மாறும். ஒரே பெயர் பல கப்பல்களுக்கும் வரும். 1914இல் வான்கூவரில் தடுத்து நிறுத்தப்பட்ட கோமகதா மாரு 1890இல் கிளாஸ்கோவில் ஸ்டூபன்ஹுக் என்ற பெயரில் பிறந்து, சிசிலியா என்று ஓடி, அதன் பிறகே அந்தப் பெயரைப் பெற்றது. கடைசியில் ஹெயான் மாரு ஆனது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய எம்.வி. சிதம்பரம் அதற்கு முன் பிரெஞ்சு நிறுவனத்தின் பாஸ்தர். அதன் பழைய படத்தைத் தேடி ‘பாஸ்தர்’ என்று போட்டால், ஒற்றைப் பெரும் புகைபோக்கியோடு 1939இல் வந்த வேறொரு பாஸ்தர் முன்னால் வந்து நிற்கும். அது பின்னாளில் ஜெர்மனியின் பிரெமன் ஆன கப்பல், நம் சிதம்பரத்துக்கு எந்த உறவும் இல்லை.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில் அதிகம் வரும் ரஜூலாவும் இப்படித்தான். 1926இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக வந்த கப்பல். அதே ஆண்டில் அதன் சகோதரி ரோனாவும் வந்தது. கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை இரண்டுக்கும் பொது. ரோனா 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய வானூர்தி வீசிய குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரஜூலா 1970கள் வரை ஓடியது. 1950களில் எடுத்ததென்று உடையாலோ குறிப்பாலோ உறுதியாகும் படத்தில் ரோனாவை விலக்கிவிடலாம். போருக்கு முந்தைய படத்தில் அந்த வசதி கிடையாது, கட்டுமான வரைபடம் பார்த்தே பேச வேண்டும்.

வரைபடங்களும் பதிவேடுகளும் இருக்கின்றன. கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும் லாயிட்ஸ் பதிவேட்டின் காப்பகத்திலும் நிறையவே உண்டு. மெல்பர்னுக்கு வந்த கப்பல்களை ஆலன் கிரீன் என்பவர் கண்ணாடித் தகடுகளில் எடுத்துத் தள்ளியவை விக்டோரியா மாநில நூலகத்தில் உள்ளன. கொழும்பு வழியே போன பல கப்பல்களுக்கு ஒப்பிட நல்ல படம் அங்கே கிடைக்கும். ஆனால் காப்பகக் குறிப்பையும் தலைப்பைப் போலவே சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நூலகம் எழுதிய தவறான பெயரை இன்னொரு நூலகம் நகலெடுத்தால் அது இரண்டு சான்று ஆகிவிடாது.

இந்த ஒழுங்கு நமக்கு மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்காக 1907இல் வந்த காலியா, லாவோ இரண்டின் பெயரால் படங்கள் கைமாறுகின்றன. அவற்றில் ஒன்றைப் பாடநூலிலோ சுவரொட்டியிலோ போடுபவர், படம் எங்கிருந்து வந்தது, புகைபோக்கி எத்தனை, கம்பம் எத்தனை, அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ‘அக்காலத்து நீராவிக் கப்பல்’ என்று போடட்டும். வ.உ.சி.க்கு அதனால் பெருமை குறையாது.

வீட்டில் பழைய கப்பல் படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்யும்போது ஓரங்களை வெட்டாதீர்கள். பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள், வெறுமையாக இருந்தாலும். தாத்தா சொன்ன பெயரை எழுதுங்கள், ஆனால் ‘தாத்தா சொன்னது’ என்றே எழுதுங்கள். படத்தில் நீங்களே பார்த்ததை வேறு வரியில் குறியுங்கள்.